நாகர்கோவிலில் மறைந்து வாழ்ந்த முதல் நாயகி

2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தேடுபொறியைத் திறந்தவர்கள் அதன் முகப்பில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்திருப்பார்கள். மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகியான பி.கே. ரோசிக்கு அன்று 120ஆவது பிறந்தநாள். அவர் ஒரு தலித் பெண். நடித்தது ஒரே ஒரு படம். அந்தப் படம் திரைக்கு வந்ததும் ஊரைவிட்டே விரட்டப்பட்டார்.

விரட்டப்பட்டவர் வந்து சேர்ந்த இடம் நம் நாகர்கோவில். இங்கேதான் அவர் குடும்பம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், முதுமையடைந்தார். 1980களின் பிற்பகுதியில் காலமானார். அரை நூற்றாண்டுக்கும் மேலான வாழ்க்கை அது. நம் பெற்றோர் காய்கறி வாங்கிய சந்தையில் அவரும் வாங்கியிருப்பார். அவர்கள் ஏறிய பேருந்தில் அவரும் ஏறியிருப்பார். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு அவர் ராஜம்மாள். ரோசி என்ற பெயரில் ஒரு நடிகை இருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

நடிகையாக ஆசைப்பட்டுத் தோற்றுப்போன பெண்களின் கதைகள் நமக்குப் பழக்கமானவை. வாய்ப்புத் தேடி அலைந்து, ஏமாந்து, ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ரோசியின் கதை அப்படிப்பட்டதல்ல. அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஏற்ற வேடத்தை நடித்தும் முடித்தார். திரையில் அவர் முகம் தெரிந்ததே அவர் செய்த குற்றமாகிவிட்டது.

புல்லறுத்த பெண்

திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் சமூகத்தில், 1903இல் பிறந்தவர் ரோசி. தந்தை பவுலோஸ், தாய் குஞ்ஞி. வீட்டில் வைத்த பெயர் ராஜம்மா. தந்தை சீக்கிரமே இறந்துவிட, குடும்பத்தை வறுமை பிடித்துக்கொண்டது. சிறுமியாக இருந்தபோதே ராஜம்மா புல்லறுக்கும் வேலைக்குப் போனார். இளமையின் பெரும்பகுதி அந்த வேலையிலேயே கழிந்தது.

அவர் பிறந்த திருவிதாங்கூர் எப்படிப்பட்ட நாடு என்பதைக் குமரி மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்தை விற்கும்போது அதில் உழைத்த புலையர்களையும் பறையர்களையும் சேர்த்தே விற்ற நாடு அது. 1855இல்தான் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சட்டம் வந்த பிறகும் பொதுச்சாலையில் நடக்கத் தடை, சந்தைக்குள் நுழையத் தடை, பள்ளிக்குத் தடை. ஆதிக்க சாதியினரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கை உடைக்கும் போராட்டம் ராஜம்மா பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த மாவீரர் அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டியில் ஏறி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. பிறகு, ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியை அய்யன்காளி தன் கையோடு அழைத்துச் சென்றார். ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் கூடிய பெண்கள், அடிமை அடையாளமாகத் தங்கள் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்து மேடையின் முன் குவித்தார்கள். அப்போது ராஜம்மாவுக்குப் பன்னிரண்டு வயது.

இந்தக் காலச்சூழலை மனதில் கொண்டுதான் ரோசியைப் பார்க்க வேண்டும். ஒன்றும் அறியாத ஏழைப் பெண்ணை யாரோ பிடித்து வந்து கேமரா முன் நிறுத்தினார்கள் என்ற சித்திரம் தவறானது. நடக்கத் தடுக்கப்பட்ட சாலையில் நடந்த, அணியச் சொன்ன மாலையை அறுத்தெறிந்த தலைமுறையின் மகள் அவர்.

காக்காரிசி மேடை

ராஜம்மாவுக்குப் பாட்டிலும் நடிப்பிலும் நாட்டம் அதிகம். உறவினர் ஒருவர் அதைப் புரிந்துகொண்டு ஊக்கப்படுத்தினார். புல்லறுக்கும் வேலைக்கு இடையிலேயே காக்காரிசி நாடகம் கற்றுக்கொள்ளப் போனார்.

காக்காரிசி என்பது தென்கேரளத்து நாட்டார் கூத்து. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சும் பாட்டுமாக நடப்பது. சிவனும் பார்வதியும் காக்கான், காக்காத்தி என்னும் குறி சொல்லும் நாடோடிகளாக வேடமிட்டு மண்ணுக்கு வருவார்கள். ஊர்த் தம்புரான் அவர்களை நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று விசாரிப்பார். காக்கான் எடக்குமடக்காகப் பதில் சொல்லுவான். கூட்டம் சிரிக்கும். அதிகாரத்தில் இருப்பவரின் கேள்விக்குக் கீழே நிற்பவர் தலைகுனியாமல் பதில் சொல்லும் கலை அது.

அந்தக் கூத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டி வந்தார்கள். அந்த மேடையில்தான் ராஜம்மா காக்காத்தி வேடம் கட்டினார். வேடம் கட்டும் பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் போனார். 1920களின் இறுதியில் அவர் அந்தக் கலையில் தேர்ந்த நடிகையாகியிருந்தார். ராஜம்மா ரோசம்மாவாகி, ரோசி ஆனார்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் பாட்டும் கூத்தும் பாணர், விறலியர், கூத்தர் கையில் இருந்தன. மன்னன் அவையில் அவர்களுக்கு இடமிருந்தது. அந்தப் பாணன் என்ற பெயர் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பட்டியல் சாதிகளின் வரிசையில் இருக்கிறது. கலையை வளர்த்தவர்களைக் கீழே தள்ளிவிட்டு, பிறகு அவர்களுக்குக் கலை எதற்கு என்று கேட்டது இந்தச் சமூகம்.

அகஸ்தீஸ்வரத்துக்காரரின் கனவு

ரோசியின் வாழ்க்கையில் இரண்டாவது குமரி மாவட்டத் தொடர்பு இங்கே வருகிறது. மலையாளத் திரையுலகின் தந்தை என்று போற்றப்படும் ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். களரிப் பயிற்று, சிலம்பம் போன்ற தற்காப்புக் கலைகளில் ஈடுபாடு கொண்ட அவர், அவற்றை உலகுக்குக் காட்டச் சினிமாவே நல்ல வழி என்று நினைத்தார். தொழிலைக் கற்றுக்கொள்ளச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார். பூர்வீகச் சொத்தை விற்றார். திருவனந்தபுரம் பட்டத்தில் 'தி திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

படத்தின் பெயர் விகதகுமாரன், அதாவது காணாமல் போன மகன். திருவிதாங்கூரில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். பிறகு உறவுகளோடு சேருகிறான். புராணக் கதைகளே படமாகிக்கொண்டிருந்த நாளில் டேனியல் ஒரு சமூகக் கதையை எடுத்தார். இயக்கம், ஒளிப்பதிவு, தயாரிப்பு, கதாநாயகன் என்று எல்லாம் அவரே. கதாநாயகி மட்டும்தான் கிடைக்கவில்லை.

அன்றைய நிலைமை அப்படி. 1913இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது சந்திரமதி வேடத்துக்குப் பெண் கிடைக்காமல், உணவகத்தில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆணுக்குச் சேலை கட்டி நடிக்க வைத்தார். சினிமாவில் நடிப்பது குடும்பப் பெண்களுக்கு இழுக்கு என்றார்கள். ஆங்கிலோ இந்தியப் பெண்களும், பொட்டுக்கட்டும் மரபில் வந்த பெண்களும்தான் பெரும்பாலும் முன்வந்தார்கள். டேனியலும் முதலில் பம்பாயிலிருந்து லானா என்ற நடிகையை அழைத்து வந்தார். அவர் கேட்ட வசதிகளைச் செய்துகொடுக்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் காக்காரிசி மேடையில் பெயர் பெற்றிருந்த ரோசியிடம் வந்தார்.

பத்து நாள் சரோஜினி

ரோசிக்குக் கொடுத்த பாத்திரத்தின் பெயர் சரோஜினி. வசதியான நாயர் வீட்டுப் பெண். காணாமல் போன மகனின் தங்கை. கதாநாயகனின் காதலி.

பத்து நாள் வேலை, நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கூலி என்று ரோசியைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார், நடித்து முடித்ததும் மாலையில் திரும்பிவிடுவார் என்றும் சொல்கிறார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்தில் அவர் அணிந்தது நாயர் பெண்ணின் உடை, நகை. மாலையில் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புலையர் குடியிருப்புக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் மீண்டும் சரோஜினி.

பேசாப் படத்தில் நடிப்பது எளிதல்ல. குரல் இல்லை, பாட்டு இல்லை. முகமும் உடம்பும்தான் பேச வேண்டும். மேடையில் நூற்றுக்கணக்கானோர் முன் நின்று பழகியவர், ஆள் இல்லாத இடத்தில் ஓர் இயந்திரத்தைப் பார்த்து நடித்துக்கொடுத்தார். கேரளத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் செய்யாத வேலை அது. பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு முன்னோடி என்று ஒருவரும் இல்லை.

கேப்பிட்டல் அரங்கில் நடந்தது

விகதகுமாரன் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 1930 அக்டோபர் 23 என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் முடிவு. எந்த ஆண்டாக இருந்தாலும் அன்று நடந்ததைப் பற்றிய பதிவுகள் ஒரே திசையில்தான் பேசுகின்றன.

தொடக்க விழாவுக்கு வந்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி அரங்குக்குள் இருந்தால் விழாவுக்கு வரமாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. டேனியலும் பயந்துபோய் அவரை அழைக்கவில்லை. தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசி தானாகவே வந்தார் என்றும், முதல் காட்சிக்கு உள்ளே விடவில்லை என்றும் சொல்லப்படுகிறது. படத்தின் கதாநாயகி வெளியே நிறுத்தப்பட்டார். அவர் நிழல் மட்டும் உள்ளே ஓடியது.

நிழலைக்கூட அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சரோஜினியின் கூந்தலில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் அரங்கில் கூச்சல் எழுந்தது. திரையை நோக்கிக் கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. ஒரு புலையர் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்ற ஆத்திரம் அரங்கோடு நிற்கவில்லை. ரோசியைத் தேடித் துரத்தினார்கள். அவருடைய குடிசை கொளுத்தப்பட்டது.

பஞ்சமி என்ற சிறுமி பள்ளிப் பலகையில் உட்கார்ந்ததற்காகப் பள்ளியை எரித்தார்கள். ரோசி என்ற பெண் திரையில் தோன்றியதற்காக வீட்டை எரித்தார்கள். இரண்டும் நடந்தது அதே திருவனந்தபுரம் வட்டாரத்தில், ஒரே தலைமுறைக் காலத்துக்குள்.

எது குற்றம்?

ரோசி செய்த குற்றம் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். தலித் பெண் நடித்ததுதான் பிரச்சினை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. அதே படத்தில் ரோசி ஒரு புல்லறுக்கும் பெண்ணாகவோ வேலைக்காரியாகவோ வந்திருந்தால் அந்தக் கற்கள் பறந்திருக்குமா? காக்காத்தி வேடத்தில் அவர் மேடையேறி ஆடியபோது பார்த்துச் சிரித்தவர்கள்தானே அவர்கள்? அவர் கட்டிய வேடம்தான் அவர்களைச் சுட்டது. நல்ல உடை, நல்ல நகை, கூந்தலில் பூ. அந்தப் பூவை ஒருவன் அன்போடு முத்தமிடுகிறான். ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடம்பை வயலிலும் வீட்டுக் கொல்லையிலும் வேறுவிதமாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அவள் காதலிக்கப்படுகிறவளாகத் தெரிந்ததைத் தாங்க முடியவில்லை.

உடையின் அரசியலை இந்த மாவட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. மார்பை மறைத்த குற்றத்துக்காக நாடார் பெண்களின் மேலாடையைச் சந்தையில் வைத்துக் கிழித்த கொடுமை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1859இல் அரசாணை வந்த பிறகுதான் ஓரளவு ஓய்ந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய மக்களின் வழியில் வந்தவர்தான் டேனியல். மேலாடைக்காகப் பட்ட அடியின் நினைவு அவருடைய வீட்டிலும் இருந்திருக்கும். தன்னைவிடக் கீழே வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சரோஜினியின் உடையை அவர் கொடுத்தது பெரிய காரியம். ஆனால் கற்கள் பறந்தபோது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க அவரால் முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யார் எந்த உடை அணியலாம், யார் எந்தச் சாலையில் நடக்கலாம் என்று தீர்மானித்த சாதி, யார் யாராக நடிக்கலாம் என்பதையும் தீர்மானித்தது. நடிப்பு என்றாலே வேறொருவராக மாறுவதுதான். பிறந்த சாதியிலிருந்து பத்து நாள் பாவனைக்குக்கூட மாறக் கூடாது என்பதுதான் கேப்பிட்டல் அரங்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு.

லாரியில் வந்தவர்

உயிர் தப்பிய ரோசி ஓடி வந்து ஏறியது நாகர்கோவில் நோக்கி வந்த ஒரு லாரியில். இன்று நாம் திருவனந்தபுரத்தில் பேருந்து ஏறினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வந்து இறங்குகிறோமே, அந்த எழுபது கிலோமீட்டர் தூரம்தான். அன்று எல்லாமே திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானம். ஆனாலும் தேடி வருகிறவர்களுக்குக் கிடைக்காத தூரம் அது.

லாரியை ஓட்டி வந்தவர் கேசவப் பிள்ளை. நாயர் சமூகத்தவர். ரோசியை விரட்டியவர்களும் அவர் சாதிக்காரர்கள்தான். அவர் அடைக்கலம் கொடுத்ததோடு நிற்காமல் ரோசியைத் திருமணமும் செய்துகொண்டார். சாதிக்கு வெளியே நின்று முடிவெடுக்க ஒருவரால் முடியும் என்பதற்குச் சான்று அந்த மனிதர். சாதியைக் குறை சொல்லும்போது அவரையும் மறக்கக் கூடாது.

நாகர்கோவிலில் ரோசி ராஜம்மாள் ஆனார். பிறகு அவர் நடிக்கவில்லை. தான் நடித்ததைப் பற்றி வெளியே பேசவுமில்லை. பிள்ளைகள் தந்தையின் சாதியில் வளர்ந்தார்கள். தங்கள் தாயின் பழைய வாழ்க்கை அவர்களுக்கே அதிகம் தெரிந்திருக்கவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. நாயர் வீட்டுப் பெண்ணாகப் பத்து நாள் நடித்ததற்காக ரோசியின் வீடு எரிந்தது. உயிரோடு இருப்பதற்காக அதே அடையாளத்துக்குள் அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ வேண்டியிருந்தது. முன்னதற்குக் கூலி ஐந்து ரூபாய். பின்னதற்கு அவர் கொடுத்த விலை பெற்றோரின் நினைவு, சொந்தங்கள், கற்ற கலை, ரோசி என்ற பெயர். எது கொடிய நடிப்பு என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

விகதகுமாரன் பின்னர் ஆலப்புழை, கொல்லம், திருச்சூர் முதலிய ஊர்களோடு நாகர்கோவிலிலும் திரையிடப்பட்டதாகப் பதிவு உண்டு. ரோசிக்கு அடைக்கலம் தந்த ஊரில், திரையில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். தெருவில் நடந்துபோன ராஜம்மாளை அவர்கள் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

எல்லை பிரித்த நினைவு

படம் டேனியலையும் அழித்துவிட்டது. கடனில் மூழ்கி ஸ்டூடியோவை மூடினார். பாளையங்கோட்டையில் பல் மருத்துவராகப் பிழைத்தார். கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பி 1975இல் வறுமையில் இறந்தார். நலிந்த கலைஞர்களுக்கான ஓய்வூதியம் கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு மறுத்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது நம் மக்களின் நீண்ட போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி. அந்த எல்லைக்கோட்டில் சிக்கிக்கொண்ட இருவர் டேனியலும் ரோசியும். மலையாள சினிமா வரலாறு அவர்களை அந்தப் பக்கத்தில் தேடவில்லை. தமிழ் சினிமா வரலாற்றுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை.

டேனியலுக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்தார். பத்திரிகையாளர் சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் விடாமல் எழுதிப் போராடினார். 1992இல் கேரள அரசு திரைத்துறையின் உயரிய விருதை டேனியல் பெயரில் நிறுவியது. அப்போது ரோசி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாயகிக்கு விருதும் இல்லை, பேச்சும் இல்லை.

ரோசியின் வாழ்க்கையைத் தேடி எழுதியவர் குன்னுக்குழி எஸ். மணி. கவிஞர் குரீப்புழா ஸ்ரீகுமார் ரோசிக்காகக் கவிதை எழுதினார். 2008இல் வினு ஆபிரகாம் 'நஷ்டநாயிகா' நாவலை எழுதினார். 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' படம் வந்த பிறகு ரோசியின் பெயர் பரவலானது. அந்தப் படம் டேனியலின் கதையாகவே இருக்கிறது, ரோசியை மிரண்டுபோன அப்பாவிப் பெண்ணாகக் காட்டுகிறது என்று தலித் எழுத்தாளர்கள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம் அது. காக்காரிசி மேடையில் தம்புரானுக்குப் பதில் சொல்லிப் பழகிய பெண் அப்படி மிரண்டிருக்க மாட்டார்.

2019இல் மலையாளத் திரைத்துறைப் பெண்களின் அமைப்பு தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு ரோசியின் பெயரைச் சூட்டியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் நடத்தும் திரைப்பட விழாவுக்கும் ரோசியின் பெயர்தான். படச்சுருள் அழிந்துவிட்டது. ரோசி நடித்த ஒரு காட்சிகூட இன்று பார்க்கக் கிடைக்காது. அவருடையது என்று சொல்லப்படும் ஒரு பழைய புகைப்படம் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

யாருக்கு எந்த வேடம்?

இதெல்லாம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். மாறியிருக்கிறது. தமிழ்ப் படங்களில் தலித் வாழ்க்கை இன்று தலை நிமிர்ந்து பேசப்படுகிறது. ஆனால் அதே படங்களில் சேரிப் பெண்ணாக வருவது யார்? வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்த வெள்ளைத்தோல் நடிகைக்குக் கறுப்பு மை பூசி நிறுத்துகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அன்று தலித் பெண் நாயர் பெண்ணாக நடிக்கக் கூடாது என்றார்கள். இன்று தலித் பெண்ணாக நடிக்கவே தலித் பெண் தேவையில்லை என்று ஆகியிருக்கிறது.

சினிமா பெரிய இடம். நம் கைக்கு எட்டுகிற இடங்களைப் பார்ப்போம். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் எந்தப் பிள்ளைக்கு ராணி வேடம், எந்தப் பிள்ளைக்குப் பணிப்பெண் வேடம் என்பது எப்படி முடிவாகிறது? நிறத்தைப் பார்த்தா, குடியிருக்கும் தெருவைப் பார்த்தா, வாடகைக்கு உடை எடுக்கப் பெற்றோரிடம் பணம் இருக்கிறதா என்று பார்த்தா? மேடை ஏற வேண்டிய பிள்ளைகளை நாற்காலி அடுக்க அனுப்புவது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வேடம் கொடுக்கும் ஆசிரியர்கள் அந்த ஒரு நிமிடம் ரோசியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. பறையடிக்க, ஆட, நடிக்க ஆசைப்படும் பெண் பிள்ளைகளை, நமக்கு எதுக்கு இந்த வம்பு என்று உட்கார வைத்துவிடுகிறோம். அந்தப் பயம் வந்த வழி நமக்குத் தெரியும். எரிந்த குடிசைகளின் நினைவிலிருந்து வந்த பயம் அது. ஆனால் அந்தப் பயத்தோடு வாழ்ந்த ரோசியே, பயப்படுவதற்கு முன்னால் நடித்துக் காட்டிவிட்டுத்தான் போனார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10 ரோசியின் பிறந்தநாள். அடுத்த முறை அந்த நாள் வரும்போது கூகுள் நினைவூட்டும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். குமரி மாவட்டத்தின் பள்ளிகளும் கல்லூரிகளும் நாடகக் குழுக்களும் வாசகர் வட்டங்களும் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஒரு சிறு நாடகம் போடலாம். சரோஜினி வேடத்தை, இதுவரை மேடையே ஏறாத ஒரு பெண் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ராஜம்மாள் என்று மட்டும் தெரிந்து அவரை அனுப்பிவைத்த இந்த ஊர், ரோசி என்று சத்தமாகச் சொல்லி அவரை அழைக்க வேண்டும்.